சத்தம் கேக்குது, கதை விளங்குதில்ல: புது மெஷினா, தனி மைக்கா, இம்பிளான்டா?

"வீட்டுக்குள்ள நல்லாக் கேக்குது. சந்தைக்குப் போனா ஒண்டும் விளங்குதில்ல." காது மெஷின் போட்டவர்கள் முதலில் சொல்லும் குறை இதுதான். அடுத்ததாக மூன்று கேள்விகள் வரும். இதைவிட விலை கூடின மெஷின் வாங்கவா? பேசுபவரின் சட்டையில் குத்தி, குரலை நேரே மெஷினுக்கு அனுப்பும் மைக் ஒன்று இருக்காமே, அது வாங்கவா? அல்லது ஒபரேஷன் செய்து, உட்செவிக்குள் மின்கம்பி விடும் கொக்லியர் இம்பிளான்ட் வைக்கவா? விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுத்தால் பிழைத்துவிடும். இந்த மூன்றும் வெவ்வேறு குறையைத் தீர்ப்பவை. உங்களுடைய குறை எது என்று தெரிந்தால் தெரிவு தானாகச் சுருங்கும்.

## இரைச்சலில் எது தொலைகிறது

மீன் சந்தையில் விலை கேட்கிறீர்கள். காதுக்கு வந்து சேர்வது "...நூறு" மட்டும். இருநூறா, அறுநூறா, எழுநூறா? வால் மூன்றுக்கும் ஒன்றே. வித்தியாசம் முழுக்க முதல் ஓரசை ஈரசையில்தான் இருக்கிறது. கத்தியும் தராசும் கூவலும் விழுங்குவதும் அதைத்தான்.

தமிழில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. யார், எப்போது, ஆமா இல்லையா என்பதையெல்லாம் நாம் சொல்லின் கடைசியில் வைக்கிறோம். குரல் இறங்குவதும் அங்கேதான். "வந்தான்", "வந்தாள்" இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய ஒற்று. "வாறன்" என்றால் நான், "வாறான்" என்றால் அவன். இடையில் இருப்பது ஒரு குறில்–நெடில் வித்தியாசம். எதிரொலிக்கும் மண்டபத்தில் குறிலின் வால் நீண்டு நெடில் போலக் கேட்கும். ஆள் மாறிப்போகும்.

இங்கே பார்க்க வேண்டிய அளவு, பேச்சு இரைச்சலைவிட எத்தனை டெசிபல் கூடுதலாக இருக்கிறது என்பது. பேச்சு 65, இரைச்சல் 60 என்றால் இடைவெளி +5. காது நல்லாக இருப்பவருக்கு இடைவெளி பூச்சியமாக இருந்தாலும், அதற்குக் கொஞ்சம் கீழே போனாலும்கூட, பாதி வசனமாவது விளங்கும். உட்செவி பழுதானவருக்கு +5, +10, சிலருக்கு அதற்கு மேலும் வேண்டும். மெஷின் சத்தத்தைக் கூட்டும்போது பேச்சோடு இரைச்சலும் சேர்ந்தே ஏறும். இடைவெளி அப்படியே இருக்கும். எனவே எந்தத் தெரிவைப் பார்த்தாலும், "இது அந்த இடைவெளியை எத்தனை டெசிபல் கூட்டித்தரும்?" என்று கேளுங்கள்.

## முடிவெடுக்க முன் நான்கு அளவுகோல்கள்

ஒன்று, அமைதியில் எவ்வளவு விளங்குகிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது இது. வீட்டிலேயே பார்க்கலாம். மின்விசிறி, டிவி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மெஷினைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஒருவர் ஒரு மீற்றர் தூரத்தில், கடதாசியால் வாயை மறைத்து, நீங்கள் முன்பு கேட்டிராத 10 சிறு வசனங்களை வழக்கமான குரலில் வாசிக்கட்டும். நீங்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை சரி என்று குறியுங்கள். பிறகு உங்களுக்குப் பின்னால் வானொலிச் செய்தியை, பேசும் குரலளவுக்குச் சத்தமாக வைத்து, வேறு 10 வசனங்கள். கடைசியாக, அதே இரைச்சலில் வாசிப்பவர் அரை மீற்றருக்குக் கிட்ட வந்து இன்னும் 10.

அமைதியில் எட்டு ஒன்பது வந்து, இரைச்சலில் இரண்டு மூன்றாக விழுந்து, கிட்ட வந்ததும் ஆறு ஏழாக ஏறினால் உங்கள் சிக்கல் தூரமும் இரைச்சலும். அமைதியிலேயே ஐந்தைத் தாண்டவில்லையா? அப்படியானால் இரைச்சலைப் பற்றிக் கதைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது வேறு. இது வைத்தியப் பரிசோதனைக்குப் பதில் ஆகாது. ஓடியோலொஜிஸ்ட்டிடம் (கேள்வியைப் பரிசோதித்து மெஷினை அளவாக்கித் தருபவரிடம்) என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

இரண்டு, பேசுபவர் எவ்வளவு தூரம், எத்தனை பேர். திறந்த வெளியில் தூரம் பாதியானால் பேச்சு 6 டெசிபல் கூடும். ஒருவரைக் கேட்பதும், சாப்பாட்டு மேசையில் ஆறு பேரைக் கேட்பதும் ஒரே வேலை அல்ல.

மூன்று, இரைச்சல் வரும் திசை. பின்னாலிருந்து வந்தால் வழி உண்டு. ரைல்ஸ் தரை, வெறும் சுவர், நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் பெட்டி என்றால் திசை என்பதே இல்லாமல் போய்விடும்.

நான்கு, வாங்கிய பிறகு போகும் காசும் பயணமும். பற்றரி, பழுது, அளவு திருத்தப் போய்வருதல். இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

## தெரிவு 1: இருக்கும் மெஷினைச் சரிசெய்தல்

புதிதாக எதையும் வாங்க முன் இதை முடித்துவிடுங்கள். கடையில் இதைச் சொல்ல அவசரப்பட மாட்டார்கள்.

காதுக்குப் பின்னால் வைக்கும் மெஷினில் மேலே இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். இரண்டும் மைக். ஒலி ஒரு துளைக்கு முதலிலும் மற்றதுக்குக் கணநேரம் பிந்தியும் போய்ச் சேர்வதை வைத்துத்தான் மெஷின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பிரிக்கிறது. கடற்கரை ஊரில் உப்பும் வியர்வையும் தூசியும் ஒரு துளையை அடைத்தால் இந்தக் கணக்குக் குழம்பிவிடும். அமைதியில் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும். இரைச்சலில் மட்டும் காலை வாரும். துளையில் ஊசி விடக்கூடாது. உலர்ந்த மென்தூரிகையால் வெளியே தட்டி எடுங்கள். மைக் மூடி மாற்றக்கூடிய வகை என்றால் மாற்றுவியுங்கள். காதுக்குள் போகும் முனையில் உள்ள மெழுகுத் தடுப்பானையும் பாருங்கள். அடைந்த தடுப்பான் முதலில் தின்பது "ச", "ஸ", "த" போன்ற உயர் ஒலிகளைத்தான்.

அடுத்தது காதுக்குள் போகும் றப்பர் முனை. ஓட்டையுள்ள திறந்த முனை சுகமாக இருக்கும், சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்காது. ஆனால் ஓட்டோ எஞ்சினின் தாழ்ந்த இரைச்சல் மெஷினைத் தொடாமலே அந்த ஓட்டையால் நேரே உள்ளே போகும்; மெஷின் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும் பயனில்லை. கேள்விக் குறைவு நடுத்தரத்துக்கு மேல் என்றால் மூடிய முனை, அல்லது அச்செடுத்துச் செய்த காதுவார்ப்பு.

மூன்றாவது, மெஷினின் ஒலி அமைப்பு. ஓடியோகிராமை (கேள்விப் பரிசோதனை வரைபடத்தை) கணினியில் ஏற்றி "முதல் அளவு" என்று நிறுவனம் தரும் அமைப்போடு அனுப்பிவிடுவது பரவலாக நடக்கிறது. அதில் உயர் ஒலிகள் பெரும்பாலும் தேவைக்குக் குறைவாகவே இருக்கும். காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, செவிப்பறைக்குக் கிட்ட உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளப்பதற்கு "ரியல் இயர்" அளவீடு என்று பெயர். செய்து தருவார்களா என்று கேளுங்கள். பழைய மெஷினே இதற்குப் பிறகு புதிதுபோல் ஆவது உண்டு.

## தெரிவு 2: விலை கூடிய புது மெஷின்

விளம்பரத்தில் "இரைச்சல் குறைப்பு", "திசை மைக்" இரண்டும் ஒரே வரியில் வரும். இரண்டும் வேறு.

இரைச்சல் குறைப்பு, மின்விசிறி, ஜெனரேற்றர் போன்ற மாறாத இரைச்சலைக் கண்டு அந்தப் பகுதியைத் தணிக்கும். காது களைப்பது குறையும். ஆனால் விளங்கும் சொற்களின் எண்ணிக்கையைப் பெரிதாகக் கூட்டாது. பக்கத்து மேசைக் கதைதான் உங்கள் இரைச்சல் என்றால் அதற்கு எது பேச்சு, எது இரைச்சல் என்றே தெரியாது. அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவால் பேச்சைப் பிரித்தெடுக்கும் மெஷின்கள் வந்திருக்கின்றன. பழையதைவிட முன்னேற்றம்தான், ஆனால் அந்த வசதி ஓடும்போது பற்றரி வேகமாக இறங்கும், விலையும் உச்சத்தில்.

விளங்குவதைக் கூட்டுவது, முன்னிருந்து வரும் ஒலியை எடுத்துப் பின்னிருந்து வருவதைத் தணிக்கும் திசை மைக். நடைமுறையில் 2 முதல் 5 டெசிபல் வரை எதிர்பார்க்கலாம். நிபந்தனை மூன்று: பேசுபவர் உங்களுக்கு முன்னே, ஒன்றிரண்டு மீற்றருக்குள், இரைச்சல் பின்னே அல்லது பக்கத்தில். "சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள்" என்ற பழைய அறிவுரை திசை மைக் இல்லாத மெஷினுக்குச் சரி. திசை மைக் இருந்தால் தலைகீழ்: இரைச்சலுக்கு முதுகு காட்டி, பேசுபவரைச் சுவர்ப்பக்கம் இருத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் காதுக்குழாய்க்குள் ஒளியும் மெஷினில் இரண்டு மைக்குக்கு இடமில்லை. இரைச்சலில் விளங்குவதுதான் உங்கள் கவலை என்றால் அதை வாங்க வேண்டாம். இன்னொன்று, காற்று. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையின் டச்சுக் குடாவிலோ உப்புவெளிக் கடற்கரையிலோ நின்றால் திசை மைக் காற்றைப் பெருக்கிக் காதுக்குள் கொட்டும். காற்றுக்கென்று தனி நிரல் ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மறைந்த செலவு: 312 அளவு பற்றரி ஒரு கிழமை அளவில்தான் நிற்கும், 13 கிட்டத்தட்ட இரண்டு கிழமை. ஒட்டுத்தாளை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுப் பட விட்டுப் போடுங்கள். இரவில் மெஷினை ஈரமுறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். பற்றரியைக் கழற்றி வெளியே வையுங்கள், டப்பாவுக்குள் அது காய்ந்து கெட்டுவிடும்.

## தெரிவு 3: தனி மைக்

எங்கள் கணிப்பில், அமைதியில் நன்றாக விளங்குகிறவருக்கு முதலில் காசு போட வேண்டிய இடம் இது. ஆச்சரியம் என்னவென்றால் ஆட்கள் கடைசியாகத்தான் இதற்கு வருகிறார்கள், மைக்கைக் கொண்டுபோய் மற்றவரிடம் கொடுக்க வெட்கம்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு மீற்றரில் இருப்பவரின் சட்டையில், வாய்க்குக் கீழே 20 சென்ரிமீற்றரில் மைக் குத்தினால் தூரம் பத்தில் ஒன்றாகிறது. அதுவே கிட்டத்தட்ட 20 டெசிபல். இரைச்சல் மிகுந்த நிஜ இடத்தில் 10 வந்தாலும் பெரும்பாலான மெஷின்களால் தனியாகத் தர முடியாதது அது. எதிரொலியும் மைக்கை அவ்வளவாகத் தொடாது.

பிழைக்கும் இடங்கள்:

- பொருத்தம். ஒரு நிறுவனத்தின் மைக் பெரும்பாலும் இன்னொன்றின் மெஷினோடு பேசாது. மெஷினின் மாதிரிப் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். மெஷினில் டெலிகொயில் (காந்த அலையாக வரும் ஒலியைப் பிடிக்கும் சின்னச் சுருள்) இருந்தால் கழுத்துக் கம்பிவளையம் வழியாக எந்த நிறுவனத்துப் பெட்டியையும் சேர்க்கலாம். ஆனால் அதை ஓடியோலொஜிஸ்ட் திறந்துவிட வேண்டும், சின்ன ரீசார்ஜ் மெஷின்கள் பலவற்றில் அது இருக்கவே இருக்காது.
- கலவை. மைக் ஓடும்போது மெஷினின் சொந்த மைக்கும் முழுச் சத்தத்தில் ஓடினால் பாதிப் பயன் போய்விடும். முழுவதும் அணைத்தால் பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்காது. மைக்கைத் தூக்கிக் கொடுத்து, கடைக்கு வெளியே வீதியில் நின்று அளவைச் சரிபாருங்கள்.
- குத்தும் இடம். சேலைத் தலைப்பிலும் சங்கிலிக்குப் பக்கத்திலும் குத்தினால் உரசல் சத்தம்தான் கேட்கும்.
- குழு. சட்டை மைக் ஒருவருக்கானது. மேசை நடுவில் வைக்கும் மைக் ஆறு பேரைப் பிடிக்கும், அதே அளவுக்கு இரைச்சலையும் பிடிக்கும்.

சாதாரண புளூடூத் ஹெட்செட்டால் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் குரல் பிந்தி வரும். உதடு ஒன்று சொல்ல, காது பிறகொன்று சொல்லும். உதட்டைப் பார்த்துப் பழகியவருக்கு அது பெரும் தொல்லை. வயரில் ஓடும் சின்ன மைக்–ஹெட்போன் பெட்டிக்கு அந்தப் பிந்தல் இல்லை. வைத்தியரிடமோ வங்கியிலோ உட்கார்ந்து பேச மலிவான நல்ல வழி அது.

## தெரிவு 4: கொக்லியர் இம்பிளான்ட்

இதைப் பற்றிய பெரிய தப்பெண்ணம், "மெஷினைவிடப் பெரிய மெஷின், இரைச்சலிலும் கூடக் கேட்கும்" என்பது. இம்பிளான்ட் முதலில் தீர்ப்பது அமைதியில் விளங்காமையை.

உட்செவியின் நத்தைச்சுருளுக்குள் போகும் மெல்லிய கம்பியில், நிறுவனத்தைப் பொறுத்து, 12 முதல் 22 மின்வாய்கள் இருக்கும். ஒலியை உணரும் ஆயிரக்கணக்கான மயிர்க்கலங்கள் செய்த வேலையை இவை செய்கின்றன. மின்சாரம் திரவத்தில் பரவுவதால் பக்கத்து மின்வாய்கள் ஒன்றோடொன்று கலக்கும். பயன்படுவது எட்டு வழிகள் அளவுக்குத்தான் என்று 2001-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அமைதியில் வசனம் விளங்க எட்டு தாராளம். இரைச்சலில் ஒரு குரலை மற்றக் குரலிலிருந்து உரித்தெடுக்க அது காணாது. சுருதி நுணுக்கமும் அதில் கிடைக்காது. நாதஸ்வரம் பலருக்குக் கரகரப்பாகவே கேட்கும்.

ஆகவே இம்பிளான்ட் வைத்தவரும் சந்தையில் தனி மைக்கைத் தேடுவார். இது இம்பிளான்டின் தோல்வி அல்ல. அமைதியில் பத்தில் இரண்டு வசனம் பிடித்தவர் எட்டு பிடிப்பதுதான் அதன் வெற்றி.

யாருக்கு? 2020-இல் அமெரிக்காவில் முன்வைக்கப்பட்ட எளிய விதி: நல்ல காதிலேயே சராசரிக் கேள்வி 60 டெசிபலோ அதைவிட மோசமோ, மெஷின் இல்லாமல் தனிச்சொற்களில் விளங்குவது 60 சதவீதமோ அதற்குக் குறைவோ, இரண்டும் சேர்ந்தே இருந்தால் இம்பிளான்ட் பரிசோதனைக்கு அனுப்பலாம். "முழுச் செவிடானால்தான் வைப்பார்கள்" என்ற பேச்சு பழையது.

மற்றக் காதில் தாழ்ந்த ஒலி கொஞ்சம் மிஞ்சியிருந்தால் அங்கே மெஷினைக் கழற்றாதீர்கள். இம்பிளான்ட் சொல்லைத் தரும், மெஷின் குரலின் ஏற்ற இறக்கத்தைத் தரும். இரண்டும் சேர்ந்தால் ஆண் குரலையும் பெண் குரலையும் பிரிப்பது எளிது. "ஒரு காதில் இம்பிளான்ட் வந்தாயிற்றே" என்று மெஷினை மேசை லாச்சிக்குள் போடுவது அடிக்கடி நடக்கும் நட்டம்.

மறைந்த செலவு இங்கேதான் கனம். ஒபரேஷன் முடிந்து சில கிழமை கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்று கேட்பது தகரச் சத்தம், கிளிப்பேச்சு. முதல் ஆண்டில் மின்வாய்களின் அளவைத் திருத்தப் பல தடவை போக வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்பு என்றால் ஒவ்வொரு முறையும் 250 கிலோமீற்றருக்கு மேல், இரவு ரயில் அல்லது விடியற்காலை பஸ். மூளை பழக ஆறு மாதம் முதல் ஓராண்டு. தினமும் கேட்டுப் பழகும் பயிற்சி இல்லாவிட்டால் இன்னும் இழுபடும். வெளிக்கருவியின் வயர், தலையில் ஒட்டும் வட்டு, பற்றரி எல்லாம் தேயும். சில ஆண்டுகளில் வெளிக்கருவியையே மாற்ற வேண்டிவரும். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதற்குப் பிறகு பாகம் எங்கே கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வைத்த காதில் மிஞ்சியிருந்த இயற்கைக் கேள்வி போய்விடலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் கணக்கில் சேரும்.

(இங்கே சொல்வதெல்லாம் பேசிப் பழகிய பிறகு கேள்வி குறைந்தவர்களுக்கு. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்குக் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு மாதமும் பெறுமதி, இந்த ஒப்பீட்டை வாசித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.)

## பக்கம் பக்கமாக

| | மெஷினைச் சரிசெய்தல் | புது மெஷின் | தனி மைக் | இம்பிளான்ட் |
|---|---|---|---|---|
| அமைதியில் விளங்காதவருக்கு | முதலில் இதைச் செய்து பார்க்க | சிறு உதவி | சிறு உதவி | பெரிய மாற்றம் |
| இரைச்சலில் ஒருவரோடு | இழந்ததை மீட்கும் | 2–5 டெசிபல் | 10 டெசிபலும் மேலும் | தனியாகக் கடினம், மைக்கோடு நல்லது |
| மேசையில் பலரோடு | ஓரளவு | முன்னே இருப்பவர் மட்டும் | மைக்கைக் கைமாற்றினால் | கடினம் |
| எதிரொலி மண்டபம் | உதவாது | உதவாது | உதவும் | மைக்கோடு மட்டும் |
| பயணம் | ஒன்றிரண்டு தடவை | சில தடவை | ஒரு தடவை | முதல் ஆண்டு பல, பிறகும் தொடரும் |
| பின்வாங்க முடியுமா | ஆம் | சோதனைக் காலம் கேளுங்கள் | ஆம் | இல்லை |

## ஊருக்குள் நான்கு இடம்

ஓட்டோ. எஞ்சின் பின்னால், சாரதி முன்னால். திசை மைக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று தோன்றும். ஆனால் சாரதியின் வாய் வீதியைப் பார்த்தபடி இருக்கும், உதடும் தெரியாது. இடத்தையும் காசையும் ஏற முன்னரே பேசி முடியுங்கள்.

மீன் சந்தை. தொகையைத் திருப்பிக் கேட்கும்போது "என்ன?" என்று கேட்டால் அதே "...நூறு"தான் திரும்ப வரும். "ஆறா, ஏழா?" என்று விரல் காட்டிக் கேளுங்கள். இந்த ஒரு இடத்துக்காக மட்டும் எதையும் வாங்க வேண்டாம்.

கொத்து ரொட்டிக் கடை. தகட்டில் கத்தி விழும் ஒவ்வொரு அடிக்கும் மெஷின் தன் சத்தத்தைத் தானாக இறக்கும். அது திரும்ப ஏறுவதற்குள் இரண்டு சொல் போய்விடும். தகட்டுக்கு முதுகு காட்டி, உள்மூலை மேசை. மைக் இருந்தால் இங்கே குத்துங்கள்.

கோயில், கலியாண மண்டபம். கோணேசர் மலையில் காற்று, மண்டபத்தில் எதிரொலி. இரண்டிலும் திசை மைக் கைவிடும். பிரசங்கம் கேட்க வேண்டுமென்றால் பேசுபவர் கையிலுள்ள மைக்கோடு உங்கள் மைக்கையும் சேர்த்துக் கட்டச் சொல்லலாம். பல தனி மைக்குகளில் வயர் செருகும் துளை உண்டு. ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரில் இருந்து ஒரு வயர் எடுத்தால் அய்யரின் மந்திரமும் நேரே காதுக்கு வரும். மேளம் தொடங்கினால் மெஷினைத் தணித்துவிட்டு ரசியுங்கள், அந்த நேரம் யாருக்குமே கதை விளங்காது.

## ஓடியோலொஜிஸ்ட்டிடம் போகும்போது

வீட்டில் எடுத்த மூன்று எண்களையும் (அமைதி, இரைச்சல், கிட்ட), மெஷினின் மாதிரிப் பெயரையும், பழைய ஓடியோகிராமையும் கொண்டுபோங்கள். தூய ஒலிப் பரிசோதனையோடு விடாமல், தமிழ்ச் சொற்களை வைத்துப் பேச்சு விளக்கப் பரிசோதனையும், முடிந்தால் இரைச்சலோடும் செய்யக் கேளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொன்ன சொற்களுக்கு வந்த புள்ளியை வைத்து ஒபரேஷனுக்கு முடிவெடுக்க வேண்டாம். கூடவே வீட்டில் அதிகம் பேசும் ஆளைக் கூட்டிப் போங்கள், மைக்கை அவர் சட்டையில்தான் முதலில் குத்திப் பார்க்க வேண்டும்.